இரண்டு உயரம்

முதலில் அதை அழுக்கு என்றுதான் நினைத்தேன்.
முன் ஃபோர்க்கின் வலது காலில், உள்பக்கமாய்,
ஒரு மங்கிய கோடு.
துணியால் துடைத்தேன். போகவில்லை.
நகத்தை வைத்தேன்.
நகம் உள்ளே இறங்கியது.

ரப்பர் போய் அலுமினியத்தை அறுக்குமா?
அறுத்திருக்கிறது.
பிரேக் ஹோஸ் அங்கே சாய்ந்து படுத்து
இபான்யெஸிலிருந்து லெவிக்கான் வரை
ஒவ்வொரு குழியிலும் ஏறி இறங்கி
தன் அளவுக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டது.
வாய்க்காலில் இருந்த பசையை விரலிடையில் தேய்த்தேன்.
பொடித்த கண்ணாடி மாதிரி நெறுநெறுத்தது.
தொண்ணூற்றொன்றில் ஹட்சன் எரிமலை துப்பிய சாம்பல்;
காற்று இன்னும் அதை
வீட்டுக்கு வீடு மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறது.
எங்கள் சண்டையைவிட மூத்தது.

ஹோஸும் தப்பவில்லை.
மேல்தோல் போய், உள்ளே பின்னிய வெள்ளை நூல் தெரிந்தது,
முட்டி தேய்ந்த காற்சட்டைபோல.
இதை நம்பித்தான் செவ்வாய்க்கிழமை
செர்ரோ காஸ்தியோ வளைவுகளில் இறங்கினேன்.
போன வாரம்
அவளும் இறங்கியிருப்பாள்.

வண்டி இருவருக்கும் பொது.
அப்பாவின் நிலம் விற்றபோது
பாதியாய் வெட்ட முடியாமல் நின்றது இது ஒன்றுதான்.
ஒரு வாரம் எனக்கு, தபால் பைகளோடு.
மறு வாரம் நெலிதாவுக்கு, ஆட்டுத் தடுப்பூசிப் பெட்டியோடு.
சாவி படகுத்துறை டிக்கெட் ஜன்னலில் கைமாறும்.
நாலு வருடமாய் நாங்கள் பேசுவதில்லை.

அவள் என்னைவிட ஒரு சாண் உயரம்.
தன் வாரத்தில் ஹேண்டில்பாரைத் தூக்கி வைப்பாள்.
என் வாரத்தில் நான் இறக்குவேன்.
தூக்கினால் ஹோஸ் விறைக்கும்,
இறக்கினால் தொய்ந்து ஃபோர்க்கில் சாயும்.
அவள் இழுப்பில் கிளிப் எப்போதோ தெறித்திருக்கிறது.
என் தொய்வில் அறுக்க ஆரம்பித்திருக்கிறது.

இதையெல்லாம் எழுதத்தான் பென்சிலை எடுத்தேன்.
பெட்ரோல் ரசீதின் பின்பக்கம்
நாலு வரி எழுதி நாலையும் அடித்தேன்.
மிஞ்சியது:
"முன் பிரேக் ஹோஸ் தேய்ந்துவிட்டது. ஓட்டாதே."
இருக்கைக்கு அடியில் செருகினேன்.
அங்கெல்லாம் திறந்து பார்க்கிறவளா அவள்?
எடுத்து ஸ்பீடோமீட்டர் கண்ணாடிமேல் ஒட்டினேன்.
பெயர் போடவில்லை. வேறு யார் எழுதப் போகிறார்கள்?

கொய்ஹைக்கேயில் சொல்லிவைத்தால்
ஹோஸ் வர ஒன்பது நாள் ஆகும்.
சொல்லப் போனேன்; ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றார்கள்.
ஒன்பது நாளும் காற்று.
பள்ளத்தின் விளிம்பை மெல்லிய அரத்தால் மழுக்கினேன்.
உப்புத்தாள். பெயின்ட்.
ஆழம் அரை மில்லிமீட்டர், ஃபோர்க் தாங்கும் என்று
மெக்கானிக் எஃப்ராயின் தொலைபேசியில் சொன்னார்,
பார்க்காமலே.

பத்தாம் நாள் கொட்டகைக் கதவில் நெலிதா.
கையில் ஹோஸ், இரண்டு செம்பு வாஷர்,
ரப்பர் உறை போட்ட புதுக் கிளிப்.
விலை ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டியிருந்தாள்,
நான் பாதி கொடுக்க வருவேன் என்று தெரிந்து.

மாட்டினோம்.
ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி
எங்காவது உரசுகிறதா என்று
இரண்டு தலையும் ஒரே இடத்தில் குனிந்தன.
அவள் முடியில் ஆட்டு மருந்து வாசனை.
பார் எந்த உயரத்தில்?
அவள் நடுவில் பிடித்தாள். நான் போல்ட்டை முறுக்கினேன்.
இருவருக்குமே கொஞ்சம் சரியில்லாத உயரம்.

இனி ஹோஸில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும்.
லீவரில் ஒருத்தி, நிப்பிளில் ஒருத்தி.

"அழுத்து," என்றேன்.
அழுத்தினாள்.
"பிடி."
பிடித்தாள். ஸ்பானரைக் கால் திருப்பு திருப்பினேன்.
குமிழிகள் வரிசையாய் ஜாடிக்குள் இறங்கின. மூடினேன்.
"விடு."
"விட்டாச்சு," என்றாள்.

அழுத்து.
பிடி.
விடு.
விட்டாச்சு.

குமிழி நின்ற பிறகும்
ஏழெட்டுத் தடவை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஆள் இந்த வேலையைச் செய்ய
ஒருவழி வால்வு வைத்த குழாய் ஒன்று உண்டு.
என் டப்பாவில், மேலாகவே கிடக்கிறது.
அவளுக்கும் தெரியும்.
வாங்கியதே அவள்தான்.